மூன்று தலைமுறையாக ஜெர்மனியில் இருந்தும் ஏன் இன்னும் 'வெளியாள்'?

கேள்வி இது: "என் அக்கா மகன் வேலைக்காக மியூனிக் போயிருக்கிறான். அங்கே உள்ள துருக்கியர்களைப் பற்றி உடன் வேலை செய்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் குழம்பிப் போயிருக்கிறான். அறுபது வருடமாக இருக்கிறார்கள், இன்னும் ஜெர்மானியர் ஆகவில்லை என்கிறார்களாம். தப்பு யார் மேல்? கலக்காதவர்கள் மேலா, சேர்த்துக்கொள்ளாதவர்கள் மேலா? நாளைக்கு இவன் பிள்ளைகளுக்கும் இதே கதிதானா?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் தப்பு உண்டு, ஆனால் சம அளவில் இல்லை. வந்தவர்கள் வேரூன்றிவிடக் கூடாது என்பதுதான் ஏறக்குறைய முதல் நாற்பது வருடம் ஜெர்மன் அரசின் கொள்கை. "ஏன் கலக்கவில்லை?" என்று அதே அரசு கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை விட்டுவிட்டுப் பேசுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் பண்பாடு, மதம் என்று போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

போர் முடிந்து பத்து வருடத்தில் மேற்கு ஜெர்மனியில் ஆலைகள் முழு வேகத்தில் ஓடின, ஆள்தான் இல்லை. 1955 டிசம்பரில் இத்தாலியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். 1960இல் ஸ்பெயின், கிரீஸ். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்ததும் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெர்மானியத் தொழிலாளர் வரத்து நின்றுபோனது; அக்டோபர் கடைசியில் துருக்கியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. இஸ்தான்புல்லில் ஜெர்மன் அலுவலகம் ஒன்று திறந்து, பல்லைக்கூடப் பார்த்துத்தான் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருடம் வேலை, அப்புறம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. குடும்பத்தை அழைத்து வருவது பற்றிப் பேச்சே இல்லை.

அந்த இரண்டு வருட வரம்பை உடைத்தது துருக்கியர்கள் அல்ல, ஜெர்மன் முதலாளிகள். ஒருவனுக்கு வேலை கற்றுக்கொடுத்து, அவன் கை பழகும் நேரத்தில் அனுப்பிவிட்டு, மறுபடி புது ஆளுக்குப் பாடம் எடுப்பது எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது. அவர்கள் அழுத்தம் கொடுத்தார்கள். 1964இல் வரம்பு நீங்கியது. அதே வருடம் செப்டம்பரில் பத்து லட்சமாவது 'விருந்தாளித் தொழிலாளி' என்று அர்மாந்தோ ரோத்ரிகஸ் டி சா என்ற போர்ச்சுக்கீசியரை கொலோன் ரயில் நிலையம் ஒன்றில் வாத்தியம் முழங்க வரவேற்று, ஒரு மொபெட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் ஜெர்மன் பாடப் புத்தகங்களில் எல்லாம் உண்டு. அவர் பின்னால் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பி, 1979இல் இறந்துபோனார். மொபெட் இப்போது பான் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

1955 முதல் 1973 வரை இப்படி வந்தவர்கள் ஏறக்குறைய 1.4 கோடி பேர். அதில் சுமார் 1.1 கோடி பேர் திரும்பிப் போய்விட்டார்கள். 'வந்தவன் எவனும் போகவே இல்லை' என்று உங்கள் அக்கா மகனிடம் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள்.

1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடி நேரத்தில், ஆள் எடுப்பதை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர் எதிர். அதுவரை ஒருவர் ஊருக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி வரலாம். இனிமேல் போனால் திரும்ப வர முடியாது என்று ஆனதும், இருந்தவர்கள் போகவில்லை. மனைவி மக்களை அங்கே வரவழைத்துக்கொண்டார்கள். தற்காலிகமாக வந்த தொழிலாளி நிரந்தரக் குடும்பஸ்தர் ஆனது அந்த உத்தரவால்தான் என்று சொன்னால் மிகையில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூடம்?

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். எப்படியும் திரும்பிப் போகப் போகிற பிள்ளைகள் என்ற கணக்கில் பவேரியா போன்ற மாநிலங்களில் துருக்கிப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, அதுவும் துருக்கி மொழியில். பத்து வருடம் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்து 'ஜெர்மன் பேசத் தெரியவில்லையே' என்று குறை சொன்னால் என்ன அர்த்தம்? 1979இல் ஹைன்ஸ் கூன் என்பவர், வெளிநாட்டவர் விவகாரத்துக்கு அரசே நியமித்த முதல் ஆணையர், ஓர் அறிக்கை கொடுத்தார். இவர்கள் குடியேறிவிட்டார்கள், அதை ஒத்துக்கொள்ளுங்கள், இங்கே பிறந்த பிள்ளைகள் விரும்பினால் குடியுரிமை கொடுங்கள், உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுரிமை கொடுங்கள் என்றெல்லாம் எழுதினார். அறிக்கையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். 1982இல் ஹெல்முட் கோல் தலைமையில் வந்த கூட்டணி 'ஜெர்மனி குடியேற்ற நாடு அல்ல' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டது. மறு வருடம் ஒரு சட்டம்: வேலை இழந்த வெளிநாட்டவர் ஊருக்குப் போனால் 10,500 மார்க், பிள்ளை ஒன்றுக்கு 1,500 மார்க். துருக்கியர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க விரும்புவதாக கோல் அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரிடம் சொன்னது பிரிட்டன் ஆவணங்கள் 2013இல் வெளியானபோது தெரியவந்தது.

தனி வகுப்பு போன பிறகும் பள்ளி அமைப்பு ஒரு சல்லடையாகவே இருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், அதாவது பத்து வயதில், பிள்ளை பல்கலைக்கழகம் போகும் பாதையா தொழில் பயிற்சிப் பாதையா என்று ஆசிரியர் பரிந்துரைப்பார். வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளை அந்த வயதில் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று சொல்லத் தேவையில்லை. கோவிட் தடுப்பூசியால் உலகறிந்த உகூர் சாஹின், கொலோன் ஃபோர்டு ஆலைத் தொழிலாளியின் மகன். அவரையும் கீழ்ப்பாதைப் பள்ளிக்குத்தான் பரிந்துரைத்தார்கள். பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒருவர் தலையிட்டதால் தப்பித்தார். இந்தக் கதையை ஜெர்மன் பத்திரிகைகள் வெற்றிக் கதையாகச் சொல்கின்றன. எனக்கு அதில் தெரிவது, நல்ல பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்காத மற்ற பிள்ளைகள். 2001இல், பல நாட்டுப் பள்ளி மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா தேர்வின் முதல் முடிவுகள் வந்தபோது, பெற்றோரின் நிலையே பிள்ளையின் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் நாடுகளில் ஜெர்மனி முன்வரிசையில் இருந்தது. நாடே அதிர்ந்தது.

அடுத்தது குடியுரிமை. 1913இல் போட்ட சட்டம் ரத்த வழியை மட்டுமே பார்த்தது. அப்பா ஜெர்மானியர் என்றால் பிள்ளை ஜெர்மானியர்; பிறந்த மண் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. இதன் விளைவை 1990 வாக்கில் பார்த்திருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசி கேத்தரின் அழைத்துப் போய்க் குடியமர்த்திய ஜெர்மானியர்களின் வழித்தோன்றல்கள், ருமேனியாவிலும் போலந்திலும் இருந்த ஜெர்மன் வம்சாவளியினர் என்று அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலருக்கு ஜெர்மன் சரியாக வராது. ஆனாலும் பாஸ்போர்ட் கிடைத்தது. பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க்கில் பிறந்து, பெர்லின் வட்டார வழக்கில் பேசி வளர்ந்த துருக்கி இளைஞர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா முத்திரைக்கு வரிசையில் நின்றார். 'கலத்தல்' என்பது மொழியையும் பழக்கத்தையும் பொறுத்தது என்றால் இந்த இருவரில் யார் கலந்தவர்?

அந்தக் காலத்தில்தான் வன்முறையும் வெடித்தது. சுவர் விழுந்து, யூகோஸ்லாவியா உடைந்து, 1992இல் மட்டும் சுமார் 4.38 லட்சம் தஞ்சக் கோரிக்கைகள் வந்தன. அந்த ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரில் வியட்நாமியத் தொழிலாளர்கள் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். கீழே கூடி நின்றவர்கள் கை தட்டினார்கள். நவம்பரில் மோல்ன் என்ற ஊரில் துருக்கிக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்தியதில் மூன்று பேர் செத்தார்கள். இறுதி அஞ்சலிக்குப் பிரதமர் கோல் போகவில்லை; 'இரங்கல் சுற்றுலா' வேண்டாம் என்பது போல அவருடைய செய்தித் தொடர்பாளர் பேசினார். 1993 மே 26 அன்று தஞ்ச உரிமையை வெகுவாகச் சுருக்கி அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்றாம் நாள் இரவில் சோலிங்கன் நகரில் மெவ்லூதே கெஞ்ச் என்ற அம்மாவின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள் நவநாஜி இளைஞர்கள். இரண்டு மகள்கள், இரண்டு பேத்திகள், உறவுக்காரப் பெண் ஒருத்தி என்று ஐந்து பேர் போனார்கள். அந்த அம்மா ஊரை விட்டுப் போகவில்லை. பழிவாங்கச் சொல்லிப் பேசவும் இல்லை. ஜெர்மன் குடியுரிமை வாங்கிக்கொண்டு, 2022இல் சாகும்வரை இணக்கத்தைப் பற்றியே பேசினார். கலப்பதற்கு இதைவிட என்ன சான்று கேட்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டம் மாறியது 2000 ஜனவரி 1 முதல். அதற்கும் லேசில் விடவில்லை. 1999 தொடக்கத்தில் ஹெஸ்ஸே மாநிலத்தில் கோலின் கட்சியைச் சேர்ந்த ரோலண்ட் கோக் இரட்டைக் குடியுரிமைக்கு எதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தித் தேர்தலிலும் வென்றார். அதனால் பாதிக் கிணறுதான் தாண்ட முடிந்தது: அப்பா அல்லது அம்மா எட்டு வருடம் சட்டப்படி இருந்தால் அங்கே பிறக்கும் பிள்ளை ஜெர்மானியர், ஆனால் 23 வயதுக்குள் இரண்டில் ஒரு பாஸ்போர்ட்டை விட்டாக வேண்டும். அந்த நிபந்தனை 2014இல் பெரும்பாலும் போயிற்று. அரசே பணம் போட்டு நாடு முழுக்க ஜெர்மன் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் வந்தது 2005இல். முதல் ஒப்பந்தத்துக்கும் முதல் ஒழுங்கான மொழி வகுப்புக்கும் நடுவே ஐம்பது வருடம்!

சரி, எதில் கலக்க வேண்டும்? ஒரு பெரிய பண்பாடு வழிநடத்த வேண்டும், வந்தவர்கள் அதை ஏற்க வேண்டும் என்ற கருத்தை 1990களில் முன்வைத்தவர் பஸ்ஸாம் திபி, சிரியாவில் பிறந்து கோட்டிங்கனில் பேராசிரியராக இருந்தவர். அவர் சொன்னது ஐரோப்பிய மதிப்புகளை: ஜனநாயகம், மதச்சார்பின்மை, மனித உரிமை. 2000இல் கோலின் கட்சியைச் சேர்ந்த ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ் அதை 'ஜெர்மன் வழிநடத்தும் பண்பாடு' என்று மாற்றிப் போட்டார். அன்றிலிருந்து சண்டை. சட்டத்தை மதித்தால் போதும், அரசியல் சாசனத்தின் மேல் பற்று இருந்தால் போதும் என்று ஜெர்மன் தத்துவவாதி ஹாபர்மாஸ் வழியில் பேசுபவர்கள் ஒரு பக்கம். அது மட்டும் ஒரு நாட்டை ஒட்டிவைக்காது என்பவர்கள் மறு பக்கம். இரண்டாவது வாதம் முட்டாள்தனம் அல்ல. சட்டப் புத்தகத்தை வைத்து மட்டும் யாரும் ஒரு ஊரை நேசிப்பதில்லை. ஆனால் 'அப்படியானால் பட்டியல் கொடுங்கள்' என்று கேட்டால் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 2017இல் உள்துறை அமைச்சர் தோமாஸ் டி மெய்சியர் பத்து அம்சம் எழுதினார்; கை குலுக்குவது, முகத்தைக் காட்டுவது எல்லாம் அதில் வந்தது. மெர்ட்ஸ் ஒரு முறை கிறிஸ்துமஸ் மரம் வாங்குவதைக்கூட இதில் சேர்த்தார். அவர்தான் 2025 மே முதல் நாட்டின் பிரதமர். எல்லை எங்கே என்று சொல்லாமல் ஓடச் சொன்னால் ஓடுபவர் எப்போது நிற்பது?

கால்பந்து வீரர் மெசுட் ஓசில் விஷயம் அதனால்தான் அவ்வளவு பெரிதாக ஆனது. கெல்சன்கிர்ஷனில் பிறந்த மூன்றாம் தலைமுறைக்காரர். 2010இல் அவருக்கு ஒரு பிரபல விருது கொடுத்தார்கள், 'ஒருங்கிணைப்பு'க்காக. பிறந்த ஊரில் ஒருங்கிணைந்ததற்கு விருது! அப்போது யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை. 2018 மே மாதம் துருக்கி அதிபர் எர்துவானோடு அவர் படம் எடுத்துக்கொண்டார். உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் வசை முழுக்க அவர்மேல் விழுந்தது. ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி என்று எழுதிவிட்டு அணியிலிருந்து விலகினார். படம் எடுத்தது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். தேர்தல் நேரத்தில் ஒரு சர்வாதிகாரப் போக்குள்ள அதிபருக்குக் கை கொடுத்தார். ஆனால் அதே போல வேறொரு அதிபரோடு கை குலுக்கிய ஜெர்மன் பெயர் கொண்ட வீரரின் நாட்டுப்பற்றை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இனி மறு பக்கத்தையும் பார்ப்போம். இதை மூடி மறைப்பவர்கள்தான் வலதுசாரிகளுக்குத் தீனி போடுகிறார்கள். 1984இல் தொடங்கிய மசூதிகளின் பெரிய கூட்டமைப்புக்கு இமாம்களை அனுப்பியதும் சம்பளம் கொடுத்ததும் துருக்கி அரசு. ஜெர்மன் அரசுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. விளைவு, ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளைக்கு ஜெர்மன் தெரியாத இமாம் மதம் சொல்லிக்கொடுத்தார். 2017இல் எர்துவானுக்கு அதிகாரத்தைக் குவிக்கும் வாக்கெடுப்பில் ஜெர்மனியில் ஓட்டுப் போட்ட துருக்கிக் குடிமக்களில் ஏறக்குறைய 63 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். துருக்கிக்குள் அது 51 சொச்சம்தான். (பாதிப் பேருக்குமேல் ஓட்டே போடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.) 2005இல் பெர்லினில் ஹாதூன் சூரூஜு என்ற இளம் தாயை, தன் இஷ்டப்படி வாழ்ந்தாள் என்பதற்காகத் தம்பியே சுட்டுக் கொன்றான். 2015 கடைசி இரவில் கொலோன் ரயில் நிலையத்தருகே நூற்றுக்கணக்கான பெண்கள் சீண்டலுக்கும் வன்முறைக்கும் ஆளானார்கள்; சந்தேகத்துக்குள்ளானவர்களில் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். 2024 ஆகஸ்டில், அதே சோலிங்கனில், ஊரின் 650ஆம் ஆண்டு விழாவில் சிரியாவிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த ஒருவன் கத்தியால் மூன்று பேரைக் கொன்றான். இதையெல்லாம் 'பொருளாதாரப் பிரச்சினை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. பெண்களைப் பற்றிய பார்வை, மதவாதம் இரண்டும் இதில் நிஜமான காரணங்கள்.

ஆனால் யார் எதற்குப் பொறுப்பாக்கப்படுகிறார்கள் என்பதில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. 2000 முதல் 2007 வரை ஒரு நவநாஜிக் கும்பல் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் எட்டுப் பேர் துருக்கி வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் ஜெர்மானியப் பெண் போலீஸ். அத்தனை வருடமும் போலீஸ் செத்தவர்களின் குடும்பத்தைத்தான் விசாரித்தது, போதை மருந்தா, சூதாட்டக் கடனா என்று. பத்திரிகைகள் 'டோனர் கொலைகள்' என்று, துருக்கிக் கபாப் உணவின் பெயரையே வைத்தன. 2011இல் உண்மை தானாக வெளியே வந்தது.

குடியுரிமை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பிரான்ஸ் அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுப்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே நடக்கிறது. ஆனாலும் 2005இல் பாரிஸ் புறநகர்களில் கார்களைக் கொளுத்தியவர்களில் பலர் பிரெஞ்சுக் குடிமக்கள். வேலை, வீடு, பள்ளி இவை மூன்றும் ஒதுக்கினால் பாஸ்போர்ட் ஒன்றும் செய்யாது. ஆனால் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவருக்கு நல்ல பள்ளி கேட்டு வாங்க வழியும் இல்லை.

2015இல் வந்த ஏறக்குறைய 9 லட்சம் தஞ்சம் கோரியவர்கள் விஷயத்தில் ஜெர்மனி பழைய பாடத்தைப் பாதியாவது படித்திருந்தது. அன்றைய பிரதமர் மெர்கெல் 'நம்மால் முடியும்' என்றார். மொழி வகுப்பு, வேலைப் பயிற்சி உடனே ஆரம்பித்தார்கள். பத்து வருடத்தில் அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேலையில் இருக்கிறார்கள். ஆண்கள் நாட்டுச் சராசரியை எட்டிவிட்டார்கள், பெண்கள் வெகுவாகப் பின்தங்குகிறார்கள். அதே பத்து வருடத்தில்தான் குடியேற்றத்தை எதிர்க்கும் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சி 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 விழுக்காடு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. அதன் கோட்டை கிழக்கு ஜெர்மனி, குடியேறிகள் மிகக் குறைவாக இருக்கும் பகுதி. முகத்துக்கு முகம் பழகாத இடத்தில்தான் பயம் அதிகம் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. கிழக்கின் வேலையிழப்பும், ஒன்றிணைப்புக்குப் பிறகு தாங்களே இரண்டாந்தரம் ஆனோம் என்ற அங்குள்ளவர்களின் கசப்பும் அதற்குச் சமமான காரணம்.

நம்மவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'இலங்கைத் தமிழர்கள் பாருங்கள், சத்தமில்லாமல் கலந்துவிட்டார்கள்' என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஹாம் நகரின் தொழிற்பேட்டையில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது, நகரமே அதைப் பெருமையாகக் காட்டுகிறது. ஆனால் 1980களில், கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி ரயிலேறி மேற்கே வந்த அதே தமிழர்களுக்குக் கிடைத்தது 'போலி அகதி' என்ற பட்டமும், வேலை செய்யத் தடையும், மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும்தான். எண்ணிக்கை குறைவு, அரசியல் கட்சிகளுக்குப் பயன்படவில்லை, அதனால் விவாதம் அவர்களை விட்டு நகர்ந்துவிட்டது. இதில் துருக்கியர்களுக்குப் பாடம் சொல்ல ஒன்றுமில்லை.

இனி உங்கள் அக்கா மகனின் பிள்ளைகள். 2024 ஜூன் 27 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி வாழ்ந்து நிரந்தர வசிப்புரிமையும் பெற்றிருந்தால், அங்கே பிறக்கும் பிள்ளை பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன். உங்கள் அக்கா மகனும் ஐந்து வருடத்தில், மொழித் தேர்வும் 33 கேள்விகள் கொண்ட குடியுரிமைத் தேர்வும் (17 சரியாக இருந்தால் போதும்) முடித்து விண்ணப்பிக்கலாம். மூன்று வருடத்தில் வாங்கும் விரைவு வழி ஒன்று இருந்தது. மெர்ட்ஸ் அரசு 2025 அக்டோபரில் அதை நீக்கிவிட்டது. இரட்டைக் குடியுரிமையை ஜெர்மனி இப்போது எல்லோருக்கும் அனுமதிக்கிறது. தடை இருப்பது நம் பக்கத்தில்: இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. அவன் ஜெர்மன் குடியுரிமை எடுக்கும் நாளில் இந்தியக் குடியுரிமை போய்விடும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைதான் மிஞ்சும். ஆகவே பிள்ளை பிறப்பதற்கு முன்பே கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து இதைப் பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், பிள்ளை நான்காம் வகுப்பு வரும்போது ஆசிரியர் என்ன பரிந்துரைக்கிறார் என்பதைக் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள்; அதிலும் பவேரியாவில் அந்தப் பரிந்துரை மதிப்பெண்ணோடு கட்டப்பட்டது, மறுத்துப் பேசுவதற்கு மற்ற மாநிலங்களைவிட இடம் குறைவு.